உலக நாடுகளின் எண்ணெயும் நான்காம் நம்பர் டாங்கியும்

(1932-ஆம் வருஷம் பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தண்டையார்ப்பேட்டை வாசகசாலை ஆண்டு விழாவில் ரைட்டர் லூர்து பேசியது)

அறிவும் அடக்கமும் ஓருருவாய் அமைந்து, இன்றைய சபைக்கு அக்கிராசனம் வகிக்கும் உபாத்தியாயர் திருவாளர் தண்டபாணி அவர்களே! வெயில் தாழுமுன்பே வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் நடந்து வந்து, வெறுந்தரையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! வலையை உலர்த்திய கையோடு வந்திருக்கும் காசிமேட்டுக் கடலோடிகளே! எண்ணூர் நெட்டுக்குப்பத்திலிருந்து இதற்கென்றே வந்ததாகச் சற்றுமுன் என்னிடம் சொன்ன சகோதரர்களே! தகரக் கொட்டகையில் பகலெல்லாம் ஈயம் பற்றவைத்துச் சிவந்த கண்களோடு வந்திருக்கும் என் உடன் உழைப்பாளிகளே! இடப்பக்கம் பாய் விரித்து, மடியில் மதலைகளைக் கிடத்தி வீற்றிருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் கைகுவித்து, தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

அக்கிராசனர் அவர்களே, என் கையிலுள்ள காகிதம் படபடக்கிறது. கடற்காற்று என்று எண்ணிவிடாதீர்கள். காற்று இன்னும் எழவில்லை. கை நடுங்குகிறது. முப்பத்தாறு வயதில் முதல் மேடை என்பதால் நடுக்கமா? அதுவும் உண்டு. ஆனால் அதுமட்டுமில்லை. காரணத்தை முடிப்பதற்குள் சொல்லிவிடுவேன். சொல்லாமலே இறங்கிப் போய்விடாதபடி நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என்னை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் இங்கே ஒரு எண்ணெய்க் கம்பெனியின் டிப்போவில் ரைட்டர். நாள்தோறும் காலையில் டாங்கியின் உச்சிக்கு ஏறி, பித்தளைக் குண்டு கட்டிய நாடாவை உள்ளே இறக்கி, எண்ணெய் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து எழுதுகிறவன். எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறவன். அந்தக் கையெழுத்தைப் பற்றியும் பேசத்தான் வந்திருக்கிறேன்.

சுவர்களில் ஒட்டிய நோட்டீஸில் என் பேச்சுக்கு இட்டிருக்கும் தலைப்பு, "உலக நாடுகளில் கச்சா எண்ணெய் உற்பத்தி: ஓர் ஒப்புநோக்கு." அதைப் படித்துவிட்டு வாயிலில் ஓர் அண்ணன் என் தோளைத் தட்டினார். "இன்னா ரைட்டரே, கிருஷ்ணாயில் வெல எறங்குமா எறங்காதா? அத்த மட்டும் சொல்லிட்டு குந்து!" என்றார். அண்ணே, விலை இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அது இறங்குவதுதான் என் பயம்!

சிரிக்கிறீர்கள். விலை இறங்கினால் பயப்படுகிறவன் பைத்தியக்காரன் என்றுதானே? சற்றுப் பொறுங்கள்.

கச்சா எண்ணெய் என்றால் என்ன? பூமியின் வயிற்றைத் துளைத்தவுடன் பீறிட்டு வரும் கறுத்த குழம்பு. அதைக் காய்ச்சி வடித்தால் மோட்டார் வண்டிக்குப் பெட்ரோல், நம் வீட்டு விளக்குக்குக் கிருஷ்ணாயில், கப்பல் கொதிகலனுக்குத் தடித்த எண்ணெய். இந்தக் கறுத்த குழம்பை எந்த நாடு எவ்வளவு எடுக்கிறது? அதைத் தெரிந்துகொண்டு தண்டையார்ப்பேட்டைக்கு ஆகவேண்டியது என்ன?

இதோ, மேடைக்கு முன்னால் கயிறு கட்டிய எல்லைக்குள் ஏறக்குறைய நூறு பேர் இருக்கிறீர்கள். உலகம் முழுவதும் சென்ற வருஷம் எடுத்த எண்ணெய் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்வோம். பத்திரிகைகளில் நான் வெட்டி வைத்திருக்கும் கணக்குப்படி மொத்தம் நூற்று முப்பத்தேழு கோடிப் பீப்பாய். அந்த ஓரத்திலிருந்து இந்த விளக்குக் கம்பம் வரைக்கும் அறுபத்திரண்டு பேர். அத்தனை பேரும் யார்? அமெரிக்க ஐக்கிய நாடு! ஒரே நாடு! உலகத்தின் பாதியை விழுங்கி, மறு பாதியிலும் வாய் வைத்திருக்கும் ஒரே நாடு! கம்பத்துக்கு இப்பால் பன்னிரண்டு பேர் ருஷ்யா. அதற்கு முந்திய வருஷம் இரண்டாம் இடத்திலிருந்த வெனிசுவேலாவைச் சென்ற வருஷம் பின்னே தள்ளிவிட்டார்கள். வெனிசுவேலாவுக்கு எட்டரைப் பேர். ருமேனியாவுக்கு மூன்றரை. பாரசீகத்துக்கு மூன்று. டச்சுக்காரர் ஆளும் ஜாவா, சுமத்ரா தீவுகளுக்கு இரண்டரை. மெக்ஸிகோவுக்கு அதைவிடச் சற்றே குறைவு. பெரு, கொலம்பியா, டிரினிடாட் என்று சில்லறையாக ஓர் ஐந்து பேர்.

நம்முடைய தேசம் எங்கே என்று தேடுகிறீர்களா? ஐராவதிக் கரையில் பர்மாக் கிணறுகள், அஸ்ஸாமில் டிக்பாய், பஞ்சாபில் ஒரு மூலை, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினாலும் ஒரு முழு ஆள் தேறவில்லை. அரை ஆள்!

யாரது, பின்னால்? "மேல்பாதியா கீய்ப்பாதியா ரைட்டரே?" என்று கேட்கிறார்கள். ஐயா, வாய் இருக்கிற பாதி இல்லை. அதுமட்டும் நிச்சயம்.

இந்த வரிசை நிலையானது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பதினோரு வருஷத்துக்கு முன் இதே நூறு பேரில் இருபத்தைந்து பேர் மெக்ஸிகோ! உலகில் இரண்டாம் இடம்! எண்ணெய் கிடைத்த இடத்தில் ஊர் எழுந்தது. ஊரில் ஓட்டல் எழுந்தது. ஒரு காலையில் கிணற்றுக் குழாயில் எண்ணெய்க்குப் பதில் உப்புத் தண்ணீர் வந்தது. அடுத்த கிணற்றிலும் உப்புத் தண்ணீர். இருபத்தைந்து பேர் இரண்டரைப் பேர் ஆனார்கள். எழுந்த ஊர் என்னவாயிற்று? அங்கே குழாய் பூட்டியவன் எங்கே போனான்? பீப்பாய் உருட்டியவன் எங்கே போனான்? பீப்பாய்க் கணக்கை வரிவரியாய் அச்சிட்ட பத்திரிகை, அவனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

இல்லாமல் போனால் இப்படி என்றால், அளவுக்கு மிஞ்சினால்? அமெரிக்காவில் டெக்ஸாஸ் என்று ஒரு மாகாணம். அதன் கிழக்குப் பக்கத்தில் ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு கிழவர் தோண்டிய கிணற்றில் எண்ணெய் பொங்கியது. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரன் தோண்டினான். கோயில் தோட்டத்தில் தோண்டினார்கள். எண்ணெய் ஆறாய் ஓடியது. டாலர் விலை விற்ற பீப்பாய் பத்து சென்ட் என்று விழுந்தது. சென்ற ஆகஸ்டு மாதம் அந்த மாகாணத்துக் கவர்னர் என்ன செய்தார் தெரியுமா? துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களைக் குதிரைமேல் அனுப்பினார். எதற்கு? கலகக்காரரைப் பிடிக்கவா? இல்லை. கிணறுகளை மூட! விலை விழக்கூடாது என்பதற்காக, ஆயிரக்கணக்கான கிணறுகளின் வாயைச் சிப்பாய்கள் நின்று மூடினார்கள். இந்தச் செய்தியை மனத்தில் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் மிஞ்சினால் விற்கிறவர்களுக்குள் போட்டி. ருஷ்யக்காரன் விலையைக் குறைத்தால் மற்றவனும் குறைக்கிறான். ஒரு கப்பல் இறக்குவதற்குள் அடுத்த கப்பல் வாசலில் நிற்கிறது. குறைத்த விலையை எங்கே ஈடு கட்டுவது? ஆளைக் குறைக்கலாம். எங்கள் டிப்போவில் நாங்கள் ஒன்பது ரைட்டர்கள். கார்த்திகை மாதத்தில் நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்தாவது ஆள் நான்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். என் மனைவி அடைக்கலமேரி அப்போது ஏழு மாதம். அமெரிக்காவின் அறுபத்திரண்டு பேரும் என் வீட்டுக் கூரைமேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

இப்போது ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேலப்பன். வியாசர்பாடிக்காரர். வயது இருபத்தெட்டு. எங்கள் டிப்போவில் டாங்கிக்குள் இறங்கி, அடியில் படிந்த சேற்றைச் சுரண்டி எடுக்கிற வேலை. அவர் மனைவி பூவம்மாவும் அங்கேதான் வேலை. உள்ளேயிருந்து வருகிற சேற்றை வெளியே பெண்கள் தகரங்களில் ஏந்திக்கொண்டு போய்க் கொட்டுவார்கள்.

இத்தனை நாட்டுக் கணக்கையும் இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்கிறேனே, இதை நான் முதன்முதலில் சொன்னது வேலப்பனுக்கு. மத்தியானம் சோற்று மூட்டையை அவிழ்த்துக்கொண்டு என் கொட்டகை நிழலுக்கு வருவார். அவருக்கு இது கிண்டிக் குதிரைப் பந்தயம் மாதிரி. "இன்னா ரைட்டரே, இன்னிக்கி எந்த நாடு கெலிச்சுது?" என்பார். அமெரிக்கா என்பேன். "அது எப்பவும் கெலிக்கிற குதுர. அத்த வுடு. நம்ம ருஷ்யா எங்க வர்து?" என்பார். வெனிசுவேலா என்ற பெயரை மட்டும் அவருக்குச் சொல்ல வரவே வராது. சிரித்துச் சிரித்துச் சோறு புரையேறும். "இத்தெல்லாம் நம்ம ஜனத்துக்கு ஒரு நாளு மேடை போட்டு சொல்லணும் ரைட்டரே. நாம அள்ளுற சேறு எந்தூரு சேறுன்னு நம்மளுக்குத் தெரிய வேணாமா?" என்பார்.

தாய்மார்களே, உங்களில் சிலருக்கு மீதி தெரியும். ஆனால் முழுவதும் தெரியாது. ஒருவருக்குத் தவிர.

பதினேழு பதினெட்டு வருஷத்துக்கு முன், ஜெர்மன் கப்பலின் குண்டு விழுந்து துறைமுகத்து எண்ணெய் டாங்கி எரிந்தபோது, சட்டிபானையோடு ஊரைவிட்டு ஓடியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அந்த நெருப்பு கண்ணுக்குத் தெரிந்தது. ஓடினோம். பிழைத்தோம். நான் சொல்லப்போகும் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோல் நின்ற டாங்கியைக் காலி செய்தாலும் அதன் ஆவி போகாது. காற்றைவிடக் கனமானது. அடியில் பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடக்கும். உள்ளே போகிறவனுக்கு முதலில் தலை லேசாகும். கள் குடித்த மாதிரி சிரிப்புகூட வரும். பிறகு முழங்கால் மடியும். விழுந்த இடத்தில்தான் ஆவி கனம். விழுந்தவன் எழமாட்டான்.

ஆகையால் எங்கள் டிப்போவில் ஒரு விதி. டாங்கியின் மூடிகளைத் திறந்து, கித்தான் குழாய் வழியாகக் கடற்காற்றை உள்ளே விட்டு, ஆறு நாள் முழுசாக ஆறப்போட வேண்டும். ஆறு நாள் ஆயிற்று என்று ரைட்டர் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஆள் இறங்கலாம்.

தை மாதம். நான்காம் நம்பர் டாங்கி. அடியில் சேறு, தகட்டைப் பிணைத்த ஓர் ஆணியில் கசிவு. ஞாயிற்றுக்கிழமை மூடி திறந்தோம். சனிக்கிழமைதான் ஆள் இறங்கலாம். சுமத்ராவிலிருந்து வரும் கப்பல் அடுத்த செவ்வாய்க்கு என்று சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை காலை மேஸ்திரி அப்பாவு என்னிடம் ஓடி வந்தார்.

"ரைட்டரே, கப்பலு நாளைக்கி வர்துன்னு தந்தி. நாலாம் நம்பரு இன்னிக்கே சுத்தம் ஆவணுமாம். சீட்டுல ஆறு நாளுன்னு போடு."

"நாலாவது நாள்தானே மேஸ்திரி? முழுசாக மூன்றுதான் ஆகியிருக்கிறது."

"எனுக்குத் தெரியாதா? அந்தக் கப்பல்ல கீறத்த எங்க ஊத்துறது? ஒன் வூட்டுக் குடத்துலயா? பெரிய தொரை கத்திகினு கீறாரு. கையெய்த்து போட முடியாதுன்னா சொல்லு, போடுற ரைட்டரு இன்னும் நாலு பேரு கீறாங்க."

நான்கு பேர்! ஐந்தாவது நான்! நான் என்ன செய்தேன்? சபையோரே, நான் என்ன செய்தேன்?

போட்டேன். ஆறு நாள் என்று எழுதினேன். 'லூர்து' என்று கையெழுத்துப் போட்டேன்.

கூச்சல் வேண்டாம். அவரைப் பேச விடுங்கள். கூட்டத்தின் கடைசியில் குடையோடு நிற்கிறாரே, அவர்தான் மேஸ்திரி அப்பாவு. "ரைட்டரே, வாய மூடிகினு எறங்கு, நாளைக்கி ஒனுக்கு வேல இருக்காது" என்கிறார். மேஸ்திரி, அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஏறினேன். உங்கள்மேல் நான் பழி போடவில்லை. உங்களை விரட்டினவர் ஒருவர். அவரைத் தந்தி அடித்து விரட்டினவர் ஒருவர். அவரை விரட்டியது கடல் கடந்த ஊர்களின் போட்டி. ஆனால் பேனா பிடித்த கை என்னுடையது. அதை நான் யார்மேலும் போட முடியாது.

சீட்டைக் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பிப் போயிருக்கலாம். கால் போகவில்லை. டாங்கியின் அடி வாசலுக்கே போய் நின்றேன். வேலப்பன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்து நுழையப் போகிறார். அவர் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். நின்றார்.

"காத்து ஆடிச்சா ரைட்டரே?"

அவர் மேஸ்திரியைக் கேட்கவில்லை. சீட்டைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார். நூறு பீப்பாயில் எந்த நாட்டுக்கு எத்தனை என்று எவன் சொல்லை நம்பினாரோ, அவனைக் கேட்டார்.

"ஆடிச்சு" என்றேன்.

ஒரே சொல். என் வாயால் சொன்னேன்.

போனார். உள்ளே போகிறவர்கள் வாளி நிறைந்ததும் ஒரு குரல் கொடுப்பார்கள், வெளியே இருப்பவர்கள் கயிற்றால் இழுக்க. வேலப்பனின் குரல் அந்த இரும்புக்குள் கோயில் மணிபோல் ஒலிக்கும். ஒன்று என்றார். இரண்டு என்றார். ஆறாவது வாளிக்கு உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தச் சிரிப்பு என்னவென்று தெரியும். "வெளியே வா வேலப்பா!" என்று கத்தினேன். ஏழாவது வாளி வரவில்லை. குரலும் வரவில்லை.

பக்கத்தில் குழாய் பூட்டிக்கொண்டிருந்தார் ஃபிட்டர் சௌக்கத் அலி. குழாய் முடுக்கும் சாவியை எறிந்துவிட்டு வாசலை நோக்கிப் பாய்ந்தார். அவரை வழிமறித்தது யார் தெரியுமா? மேஸ்திரியா? நானா? நான் கல்லாய் நின்றுகொண்டிருந்தேன். வழிமறித்தது பூவம்மா! உள்ளே கிடப்பது அந்த அம்மாளின் புருஷன். வெளியே ஓடி வருகிறவர் ஒருவர்தான். வேறொரு பெண் என்ன சொல்வாள்? ஓடு, ஓடு என்பாள். அந்த அம்மாள் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தி, வாளிக் கயிற்றை அறுத்து, அவர் இடுப்பில் சுற்றினார்.

"கட்டிகினு போ அண்ணே. ரெண்டு பேரும் உள்ளாறயே வியுந்தா நா யாரைன்னு இய்ப்பேன்?"

"வுடு தங்கச்சி, நேரம் ஆவுது!"

"முடிச்சு போடுற நேரந்தான். மூச்சு புடிச்சிகினு போ. அவர புடிச்சதும் கயித்த ஆட்டு."

கை நடுங்கவில்லை அந்த அம்மாளுக்கு. இரண்டு முடிச்சு. இன்றைக்கு ஒரு காகிதத்தைப் பிடிக்க என் கை நடுங்குகிறதே!

சௌக்கத் அலி உள்ளே போனார். கயிறு ஓடியது. நின்றது. நான் மூச்சு விடவில்லை. அவரோடு சேர்ந்து நானும் மூச்சைப் பிடித்திருந்தேன்போல. கயிறு ஒருமுறை அசைந்தது. அடுத்த அசைவு இல்லை. "இய்யி!" என்று பூவம்மா கத்தினார். ஏழெட்டுப் பெண்களும் நானும் இழுத்தோம். சௌக்கத் அலியின் தலை வந்தது. அவர் கை வேலப்பனின் கச்சையை இறுகப் பிடித்திருந்தது. நினைவு தப்பியும் பிடி விடவில்லை. அந்தக் கயிறு இல்லாவிட்டால் அன்றைக்கு இரண்டு பேர்.

சௌக்கத் அலி பிழைத்தார். அதோ, கம்பத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்; அடிக்கடி இருமுகிறாரே, அவர்தான். பாய், எழுந்திருக்க வேண்டாம். சபை உங்களைப் பார்த்துவிட்டது. வேலப்பனை மணலில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தோம், மார்பைத் தேய்த்தோம். வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாலம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. பூவம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசல் வருகிறவரைக்கும் முந்தானையால் காற்று வீசிக்கொண்டே வந்தார்.

பிறகு விசாரணை. டாங்கி விதிப்படி ஆறு நாள் ஆறியது. இறந்தவருக்கு நெஞ்சு பலவீனம். இப்படி எழுதி முடித்தார்கள். ஆறு நாளுக்குச் சாட்சி என்ன? என் கையெழுத்து! மறுநாள் காலை சுமத்ராக் கப்பல் வந்தது. ஐந்தாம் நம்பரில் இடம் பண்ணி அதை இறக்கிக்கொண்டார்கள். இடம் இருந்தது, சபையோரே! தேடினால் இடம் இருந்தது!

வேலப்பன் போன அந்தப் புதன்கிழமையிலிருந்து அறுபத்தேழு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் குழந்தை பிறந்தது. ஊரார் வாழ்த்தினார்கள். பூவம்மா வேலைக்கு வந்தார். என்னைக் கடந்து போகும்போது "வரேன் ரைட்டரே" என்பார். ஒவ்வொரு நாளும். அதைக் கேட்பதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

இன்று காலை பூசை முடிந்து கோயிலிலிருந்து நேரே வியாசர்பாடிக்கு நடந்தேன். அவர் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாள்தான், நான் ஆறு என்று எழுதினேன், ஆடிச்சு என்று என் வாயால் சொன்னேன் என்றேன். துணியைப் பிழிந்தார். கொடியில் போட்டார். அழுவார் என்று நினைத்தேன். ஏசுவார் என்று நினைத்தேன்.

"எங்கிட்ட சொல்லிட்டு நீ லேசாயிடலாம்னு பாக்குறியா?" என்றார்.

அடுத்த துணியை எடுத்தார்.

"எங்கூட்டுக்காரரு போயிட்டாரு. எனுக்கு இனி தெரிஞ்சி இன்னா ஆவணும்? நாளைக்கி எட்டு பேரு ஏயாம் நம்பர்ல எறங்கப் போறாங்களே, எங்கொயுந்தன் ஜெயவேலும் அதுல கீறானே, அவுங்களாண்ட போய்ச் சொல்லு. எங்கியோ மேடையில பேசப்போறியாமே. அங்க சொல்லு. நா வந்து முன்னால குந்திகினு கேக்குறேன்."

வந்திருக்கிறார். சொன்னபடியே முன்னால் உட்கார்ந்திருக்கிறார். தாயே, என்னை மன்னிக்கும்படி நான் உங்களைக் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கில்லை. நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொல்கிறேன்.

ஏழாம் நம்பர் டாங்கி! வெள்ளிக்கிழமை காலை மூடி திறந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு: மூன்றே நாள்! நாளை காலை ஆள் இறங்க வேண்டும் என்று உத்தரவு. மறுபடியும் ஒரு கப்பல் முந்திக்கொண்டு வருகிறது. மறுபடியும் ஆறு நாள் சீட்டு நேற்று என் மேஜைக்கு வந்தது. அது இதோ இந்தச் சட்டைப்பையில் இருக்கிறது. கையெழுத்து இல்லை. இனி என் கையெழுத்து அதில் விழாது. ஆனால் நான் போடாவிட்டால் இன்னொரு கை போடும். அன்றைய என் கை போல் பயந்த ஒரு கை. ஆகவே, காகிதத்தை நம்பாதீர்கள்! என்னையும் நம்பாதீர்கள்! உங்கள் விரல்களை நம்புங்கள்! நாட்களை எண்ணிப் பாருங்கள்! வியாழக்கிழமைக்கு முன் அந்த வாசலுக்குள் ஒரு தலையும் நுழைய வேண்டாம்!

விலை விழக்கூடாது என்று டெக்ஸாஸில் ஆயிரக்கணக்கான கிணறுகளை மூட முடிந்தது. மனிதன் விழக்கூடாது என்று தண்டையார்ப்பேட்டையில் ஒரு மூடியை இன்னும் மூன்று நாள் திறந்துவைக்க முடியாதா? பீப்பாய்க்காகக் கவர்னர் சிப்பாய்களை அனுப்பலாம். வேலப்பனுக்காக நாம் வெறுமனே நின்றுவிடக்கூட முடியாதா? அமெரிக்கா அறுபத்திரண்டு எடுக்கட்டும்! ருஷ்யா பன்னிரண்டு எடுக்கட்டும்! பாரசீகமும் ருமேனியாவும் பந்தயம் ஓடட்டும்! உலகத்து எண்ணெய் எல்லாம் ஒன்றாய்த் திரண்டு துறைமுகத்து வாசலில் வந்து நிற்கட்டும்! நிற்கட்டும், மூன்று நாள் நிற்கட்டும்! எண்ணெய் காத்திருந்தால் கெட்டுப்போகாது!

நாளைய பட்டியலில் எட்டுப் பெயர்கள். எட்டுப் பேரும் இந்த மைதானத்தில் இருக்கிறீர்கள். வாயிலில் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். உங்கள் வீடுகளில் அடுப்பு எரிய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நின்றால் என்ன ஆகும் என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு பொய் போதும். ஆனாலும் கேட்கிறேன். நாளை இறங்குகிறீர்களா?

தலை குனிய வேண்டாம் ஐயா. கோபித்துக்கொள்ள வந்தவன் இல்லை நான்.

யார் எழுந்திருக்கிறது? ஜெயவேல். வேலப்பனின் தம்பி. சத்தமாகச் சொல்லப்பா, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டும். "நா எறங்கல. காத்து ஆடட்டும்" என்கிறார். பக்கத்தில் இன்னொருவர் எழுகிறார். அந்தக் கம்பத்தருகே ஒருவர். நான்கு. ஐந்து. கடைசி வரிசையில் இருவர். ஒருவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் இழுக்க வேண்டாம், விடுங்கள், அவர் யோசிக்கட்டும். அவர் மனைவி தாய்மார்கள் பக்கத்திலிருந்து எழுந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இதோ, எழுந்துவிட்டார். எட்டு!

மேஸ்திரி குடையை மடக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். போகட்டும். இங்கே கேட்டதை அவர் அங்கே சொல்லத்தான் வேண்டும்.

அக்கிராசனர் அவர்கள் மணியை இரண்டு முறை அடித்துவிட்டார்கள். நாடுகளை ஒப்பிட வந்தவன் எங்கோ போய்விட்டான் என்று அவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த மேடையைத் தந்த வாசகசாலையாருக்கும், இடையில் எழுந்து போகாமல் இருந்து கேட்ட பெரியோர்களுக்கும், என்னை இங்கே அனுப்பிய பூவம்மா அவர்களுக்கும் என் நன்றி. நாளை காலை ஏழு மணிக்கு டிப்போ வாசலில், வெளியே, உங்கள் எட்டுப் பேரோடு ஒன்பதாவது ஆளாக நானும் நிற்பேன். எல்லோரும் பத்திரமாக வீடு சேருங்கள். வணக்கம்.